வேலிக்குள் ஒரு மறுவிளக்கம்

புரட்சிக்கும் வயதானால் முதுகு வலிக்கும். அப்போது அதற்கு மெத்தை வைத்த நாற்காலி தேவை. இந்த மாபெரும் உண்மையை உலகுக்கு அளித்தவர் ஜமைக்காவின் ரெகே பாடகர் ஒபதியா.

அவர் இளைஞராக இருந்தபோது, பெலிகன் விரிகுடாவில் ஒரு விடுதி வேலி போட்டுக் கடற்கரையை வளைத்துக்கொண்டது. படகைக் கரையேற்ற இடமின்றிப் பாறைப் பக்கமாகச் சுற்றிவந்த மீனவன் ஆஸ்டன், அலையில் அடிபட்டுச் செத்தான். ஒபதியா அவனைப் பாட்டில் வைத்துப் பாடினார். தீவே எழுந்து நின்றது. வேலியும் நின்றது, நின்ற இடத்திலேயே.

இப்போது அதே விடுதி, 'வேர்ப் பாடல்கள்: ஒரு மறுவிளக்கம்' என்ற நிகழ்ச்சிக்கு அவரை அழைத்திருந்தது. ஒத்திகைக்கு முன் உயர்மட்ட ஆலோசனை. தலைமை, விடுதியின் 'பண்பாட்டு அனுபவ இயக்குநர்' திருமதி லிஞ்ச்.

"பாட்டு அற்புதம் ஐயா. ஆனா 'பசி'ன்னு ஒரு வார்த்தை வருதே, சாப்பிடுற இடத்துல அது கொஞ்சம் இடிக்குது."

ஒபதியா சடைமுடியை வருடியபடி தியானித்தார். "'ருசி'ன்னு வச்சுக்கலாம்மா. ஒரு எழுத்துதானே?"

"ஆஹா! 'வேலியை உடை'?"

"'வேலியோரம் நடை'."

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுதான் கலை! அப்புறம் அந்தச் செத்துப்போனவர் பேரு... விருந்தாளிங்க லீவுல வந்திருக்காங்க, பாருங்க."

பின்பாட்டுக்காரி மெர்வலின் நிமிர்ந்தாள். ஆஸ்டனின் தங்கை அவள்.

"அண்ணே, அவனுக்காகத்தானே பாட்டே எழுதுனீங்க?"

"பேரு அழியும் மெர்வி, ஆத்மா அழியாது. எல்லாம் கடவுள் சித்தம்."

"கடவுளுக்கு எந்த ரூம் குடுத்திருக்காங்க? கடல் தெரியுற ரூமா?"

ஒபதியாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் விடுதி அவருக்குக் கொடுத்திருந்த அறையிலிருந்து கடல் உண்மையிலேயே அழகாகத் தெரிந்தது.

"அந்த இடத்துல 'லா லா'ன்னு பாடிட்டுப் போ."

"எங்கண்ணன் பேரு லா லாவா?" என்று கேட்டுவிட்டு அவள் வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

மாலையில் கச்சேரி. விருந்தினர்கள் ரம் கோப்பையோடு ஆடினார்கள். மூன்றாம் சரணத்தில் ஒபதியா "லா லா" என்று உருகியபோது, வேலிக்கு அப்பாலிருந்து "ஆஸ்டன்!" என்று ஒரு குரல் எழுந்தது. மெர்வலின். அவளைச் சுற்றி மீனவர்கள், மீன் பொரித்து விற்கும் பெண்கள். பாட்டைப் பழைய வரிகளிலேயே பாடினார்கள். பசி என்றார்கள், உடை என்றார்கள். விருந்தினர்கள் நாற்காலிகளை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு கைதட்டினார்கள். ஒபதியாவின் வாயும் பழக்கதோஷத்தில் "உ..." என்று குவிந்தது. திருமதி லிஞ்ச் பார்த்தார். வாய் மூடிக்கொண்டது.

காவலர் வந்தார். வேலிக்கு வெளியே நிற்பவர்களைச் சும்மா பிடிக்க முடியாது, யாராவது புகார் சொல்ல வேண்டும் என்றார். கம்பிகளுக்கிடையே மெர்வலின் ஒபதியாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒபதியா தொண்டையைச் செருமினார்.

"நான் சொல்றேன் புகார். அது என் பாட்டு. வார்த்தையெல்லாம் மாத்திப் பாடுறாங்க!"