கார்டு குளோஸ்

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை என் மனைவி உர்சுலாவை ஜெயித்துவிடுவது என்று நான் முடிவெடுத்தது தொண்ணூற்றேழாம் வருஷம், ஜூலை முப்பதாம் தேதி, காலை ஏழு மணி பத்து நிமிஷத்துக்கு. நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். நான் ரயில்வேக்காரன். புறப்பட்ட நேரத்தை எழுதி வைப்பது பழக்கம். போய்ச் சேர்ந்தேனா என்பது வேறு விஷயம்.

உர்சுலா பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். நான் லியனார்ட், சரக்கு ரயிலில் கார்டு. போர்ட் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் நடுவே சிமெண்டும் மாவும் ஏற்றிப் போகிற வண்டி. எஞ்சினில் டிரைவர் இருப்பார், கடைசிப் பெட்டியில் கைப்பிரேக்கோடு நான் இருப்பேன். இருபத்தாறு வருஷமாக எந்த ஸ்டேஷனுக்கும் நான்தான் கடைசியாகப் போய்ச் சேருகிறேன்.

மகள் படிப்புக்கென்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கினோம். மகள் பினாங்குக்கு ஹாஸ்டலுக்குப் போனாள், கம்ப்யூட்டர் எனக்கு வந்தது. அதில் ஒரு கார் ரேஸ். எட்டுக் கார் ஓடும். ஒரே ஒரு தடவை அதில் முதல் ஆளாகப் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. ஐம்பது வயசு மனுஷனுக்கு இது ஒரு ஆசையா என்று கேட்பீர்கள். தாராளமாகக் கேளுங்கள். ஆனால் இருபத்தாறு வருஷம் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டு வந்து கேளுங்கள்.

தினமும் எட்டாவதாகத்தான் வந்தேன். தப்பு என் கையில் இல்லை. கம்ப்யூட்டருக்குள் கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று இருக்கிறது. படத்தைத் திரைக்கு அனுப்புவது அதுதான். என்னுடையது பழைய ரகம். வளைவு வந்தால் படம் தடுக்கித் தடுக்கி நிற்கும். அதற்குள் மற்ற ஏழு பேரும் போய்விடுவார்கள். சுபாங் ஜெயாவில் த்ரீ-டி கார்டு என்று புது ரகம் வந்திருப்பதாக அய்யாவு சொன்னான். அய்யாவு எங்கள் பக்கத்து வீடு. என் வண்டிக்கு டிரைவர். அவன் மச்சான்தான் அந்தக் கார்டை விற்கிறான்.

"அதைப் போட்டா ரோடு எண்ணெ ஊத்தின மாதிரி ஓடும்லா. கண்ணை மூடிட்டு ஓட்டலாம்," என்றான்.

உர்சுலாவிடம் கேட்டேன்.

"இருக்கிறது உயிரோட இருக்கும்போது புதுசு எதுக்குங்க?"

"பழசாயிடுச்சு, உர்சு. மெதுவா ஓடுது."

"நீங்களும்தான். மாத்தினேனா?"

இதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். பழையது செத்தால்தான் புதியது வரும். அந்தச் சட்டத்தின் தயவில்தான் நானும் இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறேன். அதனால் மேற்கொண்டு வாதாடவில்லை.

அப்புறம்தான் ஜூலை முப்பது வந்தது. காலையில் கம்ப்யூட்டர் சுவிட்சைத் தட்டினேன். திரை முழுக்கக் கோடு, கட்டம், பூ. பாத்தேக் சாரோங்கை விரித்துப் போட்ட மாதிரி இருந்தது. அணைத்துவிட்டு மறுபடி தட்டினேன். பூ இன்னும் பெரிதாக வந்தது. கார்டு போய்விட்டது! சந்தோஷத்தில் கம்ப்யூட்டரை முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

ரசீதை எடுத்துப் பார்த்தேன். சந்தோஷம் போய்விட்டது. ஒரு வருஷ வாரண்டி. ஆகஸ்ட் பத்தொன்பது வரை செல்லும். கெட்டுப்போன கார்டைக் கடையில் கொடுத்தால் அதே ரகத்தில் வேறொன்றை இனாமாகக் கொடுப்பார்கள். அதே தடுக்கல், அதே எட்டாவது இடம். இன்னும் இருபது நாள் இழுத்துக்கொண்டு கிடந்து, அப்புறமாகச் செத்திருக்கக் கூடாதா இந்தப் பாவி?

அப்போதுதான் அந்த ஏழு பத்து முடிவு. இருபது நாள் மூச்சுவிடாமல் மறைப்பது. வாரண்டி முடிந்த மறுநாள், "ஐயோ உர்சு, கார்டும் போச்சு, வாரண்டியும் போச்சு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவது. சட்டப்படி புதுசு.

ரசீதை யூனிபார்ம் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். என்னோடு எப்போதும் இருக்கிற இடம் அதுதான் என்று நினைத்தேன். கம்ப்யூட்டர் மேல் ஒரு பெட்ஷீட்டைப் போர்த்தினேன்.

"என்னங்க இது, பொணத்துக்குப் போத்தின மாதிரி?"

"கிட்ட வராதே. வைரஸ்."

சொன்ன பிறகுதான் நர்ஸிடம் சொல்கிறோம் என்று உறைத்தது.

"என்ன வைரஸ்?"

"கம்ப்யூட்டர் வைரஸ். ரொம்ப மோசமானது. இருபது நாளைக்கு யாரும் தொடக்கூடாதாம்."

"காய்ச்சல் இருக்கா?"

"விளையாடாதே, உர்சு."

"ஒட்டிக்குமா?"

"ஒட்டிக்கும்."

"ஐயோ பாவம். ஐசோலேஷன்ல வெச்சுட்டீங்க, நல்லதாப் போச்சு. நான் கிட்டயே போகல."

அவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டது எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையில் நான் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

அந்த இருபது நாள் நான் பட்ட பாடு! ரயில் ஷா ஆலம் பக்கம் வளையும்போது கடைசிப் பெட்டியில் என் உடம்பு தானாகச் சாயும். சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் விரல் தானாக ஓடும். வீட்டுக்கு வந்தால் பெட்ஷீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவேன். உர்சுலா என் முதுகில் தட்டி, "கவலப்படாதீங்க, குணமாயிடும்," என்பாள். என்ன அன்பான மனைவி, இவளையா ஏமாற்றுகிறோம் என்று ரெண்டு தடவை கண் கலங்கிவிட்டது.

ஆகஸ்ட் பதினெட்டு. இனி ஒரே நாள். அய்யாவுவின் மச்சானிடம் சொல்லிவைக்க வேண்டும். ஆனால் அந்த வாரம் அய்யாவுவைக் கெமாஸ் வண்டிக்கு மாற்றிவிட்டார்கள், ஆளைப் பிடிக்க முடியவில்லை. ஸ்டேஷன் ஓய்வறையில் அவன் சாப்பாட்டுப் பை இருந்தது. ஒரு சீட்டு எழுதி உள்ளே வைத்தேன்.

"கார்டு குளோஸ். பத்தொன்பது தாண்டினதும் புதுசு பார்க்கணும். அதுவரைக்கும் உர்சுலாவுக்குத் தெரியவே கூடாது."

கையெழுத்துப் போடவில்லை. ரகசியமாம்! வாயால் சொல்லியிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. காதுக்கு வித்தியாசம் தெரியும். இங்கிலீஷில் எழுதியிருந்தாலும் தப்பித்திருப்பேன். அங்கே கம்ப்யூட்டரில் இருக்கிற கார்டுக்கு ஓர் எழுத்து, ரயிலில் இருக்கிற கார்டுக்கு வேறோர் எழுத்து. தமிழில் எழுதினால் ரெண்டும் ஒரே கார்டு. எனக்கென்று பார்த்து அன்றைக்கா தமிழ்ப்பற்று வர வேண்டும்?

பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அய்யாவு சீட்டைப் படித்தான், சிரித்தான், சட்டைப் பாக்கெட்டில் வைத்தான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டுத் தூங்கினான். இருபதாம் தேதி விடிந்ததும் மறுபடி டியூட்டிக்குப் போய்விட்டான். அவன் மனைவி லூசி துணி துவைக்க உட்கார்ந்தாள். பாக்கெட்டில் கையை விட்டாள்.

நான் பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் டியூட்டிக்குப் போனவன், இருபதாம் தேதி நாலு மணிக்குத்தான் திரும்பினேன். விசிலடித்துக்கொண்டே வந்தேன். வாரண்டி நேற்றோடு ஒழிந்தது!

எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் சந்தில் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. கோயில் ஜெபக்குழுப் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். உபதேசியார் சிரில் தலையைக் குனிந்து நின்றார். லூசி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். சரி, லூசி வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எல்லாரும் கண்ணை மூடி ஜெபத்தில் இருந்ததால் யாரும் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியில் கறிபாப் பலகாரத் தட்டு இருந்தது. பசி. ஒன்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பக்கம் நாகையா உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். கண்ணில் புரை, ஆள் அடையாளம் தெரியாது.

"யாருங்க போனது?" என்றேன் மெதுவாக.

"கார்டு."

"எந்தக் கார்டு?"

"நம்ம லியனார்டுதான்."

கறிபாப் பாதி வழியில் நின்றுவிட்டது. எழுந்து கத்தியிருக்க வேண்டும். ஆனால் இப்படி ஒரு சந்தர்ப்பம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

"ஆளு எப்படிங்க?"

"நல்ல மனுஷன்." கொஞ்சம் யோசித்தார். "கெட்டது செய்யத் துப்பு கிடையாது. அவன் சம்சாரம்தான் பாவம்."

"அவர் செத்துட்டதுக்கா?"

"இல்லப்பா. இத்தன வருஷம் வெச்சுக் காப்பாத்தினாளே, அதுக்கு."

இந்த நேரத்தில் சந்து முனையில் வெள்ளை யூனிபார்ம் தெரிந்தது. உர்சுலா கிளினிக்கிலிருந்து வந்துகொண்டிருந்தாள். நாற்காலிகளைப் பார்த்ததும் நடை ஓட்டமானது. லூசி பாய்ந்து போய்க் கட்டிக்கொண்டாள்.

"அக்கா! மனசைத் திடப்படுத்திக்கோங்க அக்கா! அண்ணே நம்மள விட்டுட்டுப் போயிட்டாருக்கா!"

உர்சுலா லூசியின் தோளுக்கு மேலாக ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தாள். கடைசி வரிசைக்கு வந்தாள். நான் கறிபாப் இருந்த கையை லேசாகத் தூக்கினேன். குடையை அவள் தலைகீழாகப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். சொன்னால் என்ன, எனக்கு அது பிடித்திருந்தது.

"அங்க உக்காந்து சாப்பிடறாரே, அந்த அண்ணனா?" என்றாள்.

லூசி திரும்பினாள். அவள் போட்ட கூச்சலில் மூன்று ஜெபமாலைகள் கீழே விழுந்தன. உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டு ரெண்டு அடி பின்னால் போனார். நாகையா மட்டும் அசையாமல், "வந்துட்டானா? சரி, டீ குடுங்க," என்றார்.

"அப்போ இந்தச் சீட்டு?" என்றாள் லூசி. "கார்டு குளோஸ்னு எழுதியிருக்கே! ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, லியனார்ட் அண்ணே இருக்காரான்னு கேட்டேன். 'அவரு போயிட்டாரும்மா'ன்னு சொல்லிட்டாங்க! அதுமட்டுமாக்கா, புதுசு பார்க்கணும்னு வேற எழுதியிருக்கானுங்க. அண்ணே ஒடம்பு ஆறல, அதுக்குள்ள ஒங்களுக்குப் புது மாப்பிள்ளையான்னு எனக்கு வயிறே எரிஞ்சுபோச்சு!"

உர்சுலா சீட்டை வாங்கினாள். நிதானமாகப் படித்தாள். என் எழுத்து அவளுக்குத் தெரியாதா?

"என்னங்க, எந்தக் கார்டு குளோஸ்?"

சந்தில் இருந்த எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"கிராபிக்ஸ் கார்டு," என்றேன்.

அப்புறம் ஒரே சிரிப்புதான். உபதேசியார் எனக்காக ஒரு நன்றி ஜெபம் சொன்னார். டீ வந்தது. லூசி கண்ணைத் துடைத்துக்கொண்டே என் தட்டில் மேலும் மேலும் கறிபாப் வைத்தாள். எனக்காக இத்தனை பேர் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைக்க உள்ளுக்குள் நிறைவாக இருந்தது. செத்ததற்காக நான் வருத்தப்படவே இல்லை.

எல்லாரும் போன பிறகு வீட்டுக்குள் வந்தோம். தோற்றுப்போகவில்லை நான். சட்டம் என் பக்கம் இருந்தது.

"மறைச்சது தப்புதான், உர்சு. ஒத்துக்கிறேன். ஆனா கார்டு செத்தது செத்ததுதானே?"

"ஆமாங்க."

"வாரண்டி நேத்தோட முடிஞ்சதா?"

"முடிஞ்சது."

"பழசு செத்தா?"

"புதுசு. அதான் மாத்திட்டேனே."

பெட்ஷீட்டை உருவினாள். சுவிட்சைத் தட்டினாள். திரை கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது. கோடு இல்லை, பூ இல்லை.

"எப்போ?"

"ரெண்டாம் தேதி. ஒங்க யூனிபார்ம தெனமும் யாருங்க துவைக்கிறா? பாக்கெட்ல ரசீது இருந்துச்சு, தேதியப் பாத்தேன். பெட்ஷீட்டைத் தூக்கிக் கம்ப்யூட்டரைப் பாத்தேன். மிச்சம் புரிஞ்சுபோச்சு. நீங்க போர்ட் கிள்ளான் போனதும் பெட்டியை டாக்சியில ஏத்திக் கடைக்குக் கொண்டு போனேன். கடைக்கார பாஸ் அரை மணி நேரத்துல அதே கார்டு புதுசா மாட்டிக் குடுத்துட்டாரு. ரெண்டு வார்த்தை நல்லதா பேசினேன், இன்னும் ஒரு வருஷத்துக்கு வாரண்டியும் எழுதிக் குடுத்தாரு."

"அதே கார்டா?"

"அதேதான்."

"இன்னும் ஒரு வருஷமா?"

"ஒரு வருஷம்."

"அப்போ பதினெட்டு நாளா இது நல்லாத்தான் இருந்துச்சா? ஏன் உர்சு சொல்லல?"

"வைரஸ்னு சொன்னீங்களே. இருபது நாள் தொடக்கூடாதுன்னும் சொன்னீங்க. ஒங்களுக்கு ஒட்டிக்கிட்டா யாரு பாக்கறது?"

போகட்டும். எட்டாவதாக வந்தாலும் வருகிறேன், விளையாடவாவது விடுகிறாளே என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். கார் ரேஸைத் திறந்தேன். முதலில் ஒரு பட்டியல் வரும். இதுவரை வேகமாக ஓட்டிய பத்துப் பேரின் பெயர். அதில் என் பெயர் என்றைக்கும் இருந்ததில்லை, கம்பெனிக்காரன் போட்டு அனுப்பிய வெள்ளைக்காரப் பெயர்கள்தான் இருக்கும். இப்போது ஒரு வெள்ளைக்காரனையும் காணோம். முதல் இடம் உர்சுலா. ரெண்டாவது உர்சுலா. பத்தாவது வரைக்கும் உர்சுலா.

"நீ... நீயா ஓட்டினே?"

"நீங்க டியூட்டிக்குப் போன நேரத்துல. சும்மா பொழுது போகலன்னு."

"அதே கார்டுலயா? வளைவுல படம் தடுக்கித் தடுக்கி நிக்குமே, உர்சு!"

உர்சுலா, கிளினிக்கில் சின்னப் பிள்ளைகளிடம் பேசுகிற குரலில் சொன்னாள்:

"வளைவுல பிரேக் பிடிக்கணும்ங்க. இருபத்தாறு வருஷமா கார்டா இருக்கீங்க, இது கூடவா தெரியாது?"