அலுமினியப் படகுக்கு என்ன வயது?

“எல்லாம் சரியா இருக்கு சார். படகுக்கு மட்டும் தயாரிச்ச வருஷம் போடல,” என்றார் தேவகிருபை.

ஜெயபாண்டி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒப்படைப்புப் பட்டியலில் இருநூற்றுப் பதினோராவது சாமான்: அலுமினியப் படகு, ஒன்று. அதற்கு நேரே கட்டம் காலியாகக் கிடந்தது. ஓரத்தில் தேவகிருபை சிவப்பு மையில் ‘நிலுவை’ என்று எழுதியிருந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த அந்த வெள்ள நிவாரணக் கிடங்கை முப்பத்தாறு வருஷம் கட்டிக் காத்துவிட்டு, போன மாசக் கடைசியில் ஓய்வு பெற்றவர் ஜெயபாண்டி. அவர் இடத்துக்கு வந்த பெண்மணிதான் தேவகிருபை. முப்பத்தாறு வருஷத்தில் தன் கோப்பில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்ததில்லை என்பது ஒன்றுதான் ஜெயபாண்டிக்கு இருந்த பெருமை. போகிற நேரத்தில் அதற்கும் வந்தது கேடு.

“வருஷம் கெடச்சதும் செவப்ப அடிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுருதேன். அவசரமே இல்ல சார்,” என்றார் தேவகிருபை.

இதற்காகக் கிடங்கிலிருந்து அழைப்பு வருவதற்கு முன் பத்து நாள் ஜெயபாண்டி வீட்டில்தான் இருந்தார். சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. சமையலறைக்கு இருப்புப் பதிவேடு திறந்தார். அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஆட்டுக்கல் வரைக்கும் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர் போட்டார். மனைவி ஆனந்தவல்லி ரசத்துக்குப் பெருங்காயம் எடுத்தால்கூடப் பதிவேட்டில் கையெழுத்து வைக்க வேண்டும். அந்த அம்மாள் பொறுமைசாலி, அதையும் வைத்தார். பதினோராம் நாள் கிடங்கிலிருந்து போன் வந்ததும் கொடியில் கிடந்த சட்டையை எடுத்து நீட்டினார்.

படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு பேர் உட்காரலாம். முன்னால் கார் மாதிரி ஸ்டியரிங், காற்றுக்கு மறைப்பாக ஒரு கண்ணாடி. ஏரியில் உல்லாசமாகச் சுற்றிவர எந்தச் சீமையிலோ செய்தது. அது இந்தக் கிடங்குக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. வெள்ளம் வந்தால்தானே அதற்கு வேலை. இத்தனை வருஷத்தில் அது கண்டதெல்லாம் ஆயுத பூஜைக்குக் கழுவிவிட்ட தண்ணீர்தான்.

பின்பக்கம் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. ஜெயபாண்டி ஆசையோடு குனிந்து பார்த்தார். அவர் முகம் தெரிந்தது, எழுத்து ஒன்றும் தெரியவில்லை. வருஷா வருஷம் பூஜைக்கு முதல் நாள் அதைப் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னது அவரேதான். வாட்ச்மேன் கருத்தப்பாண்டி தேய்த்துக் களைத்தபோது, இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய் என்று பக்கத்தில் நின்றதும் அவரேதான். யாரைக் குறை சொல்ல?

ராஜபாளையத்தில் பஸ் பாடி கட்டும் ராபர்ட், தூத்துக்குடி துறைமுகத்தில் படகு வேலை பார்த்தவர் என்று கேள்விப்பட்டு அவரை அழைத்து வந்தார். ராபர்ட் படகை மூன்று சுற்றுச் சுற்றினார். தகடு போனால் போகட்டும், பின்பக்கம் வலது ஓரத்தில் நம்பர் அடித்திருக்கும், அதில் கடைசி இரண்டு எண்தான் வருஷம் என்றார். ஆனால் அந்த இடத்தில் பூஜைக்குப் பூஜை அடித்த பெயின்ட் அடை மாதிரி அப்பிக் கிடந்தது. ராபர்ட் கிரைண்டரை ஓட்டினார்.

நீலம் போயிற்று, பச்சை போயிற்று, மறுபடி நீலம் போயிற்று. பளிச்சென்று ஒரு எட்டு தெரிந்தது. ஜெயபாண்டி கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் எட்டுக்கு அடுத்த எண் இருந்த இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டது.

“பெயின்ட்டு எது, படகு எதுன்னு எனக்கே தெரியல சார்,” என்றார் ராபர்ட், பாவம்.

தேவகிருபை ஓட்டை வழியாக அந்தப் பக்கம் பார்த்தார். ‘அடையாள எண் சேதம்’ என்று இரண்டாவது சிவப்பு ஏறியது. அன்று ராத்திரி ஜெயபாண்டிக்குச் சோறு இறங்கவில்லை.

படகு வந்த காலத்தில் கிடங்கில் வேலை பார்த்தவர்களில் உயிரோடு இருந்தது வன்னியம்பட்டி அய்யம்மாள் ஒருவர்தான். அவர் தயங்காமல் சொன்னார்.

“கோணிச் சாக்கு சுத்திப் புத்தம்புதுசா லாரியில வந்து எறங்குச்சு. அப்ப எனக்கு மாரீஸ்வரி வயித்துல ஆறு மாசம்.”

மாரீஸ்வரி எந்த வருஷம் பிறந்தாள் என்று கேட்டார் ஜெயபாண்டி. அங்கேதான் வந்தது வினை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் ஏதோ ரெண்டு வருஷம் குறைத்துப் போட்டாராம். ரெண்டா மூணா என்பது அவருக்குத்தான் தெரியுமாம். அவர் காலமாகி இருபது வருஷம் ஆகிறதாம்.

அப்படியானால் மாரீஸ்வரியிடமே உண்மையான வயதை எழுதி வாங்கி வாருங்கள் என்றார் தேவகிருபை. மாரீஸ்வரி ராஜபாளையத்தில் போலீஸ் ஏட்டு. ஜெயபாண்டியை மரியாதையாக உட்காரவைத்து, டீ வரவழைத்து, விஷயத்தைக் கேட்டார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“ஐயா, படகுக்கு வயசு பாக்கேன்னு வந்து எனக்கு வயசக் கூட்டி விட்டுட்டுப் போயிராதிய. பிள்ளைய காலேஜ் படிக்கு.”

ஜெயபாண்டி டீயைக் குடிக்காமல் வந்துவிட்டார். ‘சாட்சி எழுதித்தர மறுப்பு’ என்று மூன்றாவது சிவப்பு. ஒரு பக்கத்தில் மூன்று சிவப்பு. வேலையில் சேர்ந்த புதிதில், பெருச்சாளி கடித்த மூட்டைகளுக்குப் பொறுப்பான ஒரு குடிகாரக் காப்பாளரின் கோப்பில்தான் அப்படிப் பார்த்திருக்கிறார். அந்த ஆளும் நானும் ஒன்றா என்று நினைத்தபோது கண் கலங்கியது.

தேட ஆரம்பித்த பதினெட்டாம் நாள், படகுக்குள் ஏறித் தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். தேடுவதற்காகப் படுக்கவில்லை, சோர்ந்துபோய்ப் படுத்தார். தலை முன் சீட்டுக்கு அடியில் போனது. ஒட்டடைக்கு நடுவே விரல் நீளத்துக்கு ஒரு தகரத் துண்டு. செல்போன் வெளிச்சத்தை அடித்தார். அங்கே புளி போகவில்லை, பெயின்ட் போகவில்லை, ராபர்ட்டும் போகவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து என்று எண்ணில் தெளிவாக அடித்திருந்தது.

கருத்தப்பாண்டியைக் கூப்பிட்டுக் காட்டினார். தேவகிருபையைக் கூப்பிட்டுக் காட்டினார். சந்தோஷத்தில் நாக்குக் குழறியது. தேவகிருபையும் உடம்பை வளைத்துப் பார்த்துவிட்டு, என்னவோ முகம் வாடிப்போய், மேசைக்கு வந்து வருஷத்தைக் கட்டத்தில் எழுதினார். மூன்று சிவப்பையும் அடித்தார். கையெழுத்துப் போட்டார்.

ஜெயபாண்டி கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இனி நிம்மதியாக வீட்டில் இருக்கலாம். பரணில் இருக்கிற சாமானுக்கெல்லாம் இன்னும் நம்பர் போடவில்லை என்பதும் ஞாபகம் வந்தது. கோப்பைத் தன் கையாலேயே வைத்துவிட்டுப் போகலாம் என்று பீரோவுக்குப் பின்னால் போய்க் கீழ்த்தட்டுக்குக் குனிந்தார்.

அப்போது கருத்தப்பாண்டி செல்போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

“மேடம், ஐயா வீட்டம்மா லைன்ல இருக்காவ. படகு முடிஞ்சிட்டுன்னு சொல்லிட்டேன். அப்பம் நாளையிலேருந்து ஜெனரேட்டருக்கு வயசு கேக்கச் சொல்லுதாவ.”