பேசிக்கொண்டே ஏறிய படிகள்

1946 ஜூன் மூன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு, திருத்தணி மலையின் பத்தாவது படியில் ரத்தினம்மாள் உட்கார்ந்தாள். மொத்தம் முந்நூற்று அறுபத்தைந்து படிகள்.

பிரசவமாகி ஐம்பது நாள். அதற்கு முன் தினமும் கோயிலுக்குப் பூக்கூடையோடு உச்சிவரை ஏறியவள். ஆடிக் கிருத்திகைக்குள் மறுபடி ஏறாவிட்டால் அந்தக் கூடை இன்னொரு பூக்காரியான சந்திராவுக்குப் போய்விடும்.

மருத்துவச்சி மணியம்மை பிரசவ விஷயங்களை ஆண்களிடம் பேசமாட்டாள். அவள் சொன்னதை ரத்தினம்மாள்தான் வீட்டுக்கு வந்து கணவன் கஜபதியிடம் ஒப்பித்தாள்.

"தெனம் பத்துப் படி ஜாஸ்தியாக்கிக்கினே போவணும். அடிவயிறு இழுத்தாலோ, உதிரம் பட்டாலோ நிறுத்திடணும். அப்புறம், பேசிக்கினே ஏறணும். பேச முடியலன்னா மூச்சு போதலன்னு அர்த்தம், உக்காந்துடணும்."

"யார்கிட்ட பேசறது?"

"உங்கிட்டதான் பாவா. நீ குறுக்க பேசாம கேட்டுக்கினு வரணும்."

"ஆங், அதுக்கென்ன?" என்றான் கஜபதி. பிரசவத்தன்று வாசலில் நின்று அவள் அலறலைக் கேட்டவன். அவளுக்காக எதுவும் செய்யத் தயாராக இருந்தான்.

மறுநாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே ஏறினான். அவள் கல்யாணப் பந்தலில் நடந்ததிலிருந்து அவன் குறைகளைச் சொல்ல ஆரம்பித்தாள். இருபதாவது படியில், அவளுக்கு வைத்திருந்த அதிரசத்தை அவன் தின்றது வந்தது. ஐந்தாம் நாள், அவளுக்குக் காய்ச்சல் அடித்தபோது அவன் கூத்துப் பார்க்கப் போனது வந்தது. இறங்கிவந்த பக்தர்கள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் மெதுவாப் பேசேன்."

"முணுமுணுக்கறதுக்கு மூச்சு எதுக்கு? ஒரக்கப் பேசினாத்தானே தெரியும்?"

"அப்ப பாட்டுப் பாடு."

"மனப்பாடமா வர்றது தூக்கத்துலகூட வரும். யோசிச்சிப் பேசணும்."

கூட்டம் வருமுன் ஏறிவிடலாம் என்று கஜபதி விடியற்காலைக்கு மாற்றினான். அதுதான் பூக்காரப் பெண்கள் ஏறும் நேரம். சந்திரா உட்பட ஆறு பேரும் பேச்சைக் கேட்க ரத்தினம்மாளின் நடைக்குத் தங்கள் நடையைக் குறைத்துக்கொண்டார்கள். அன்று பூ தாமதமாகத்தான் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது.

"தெலுங்குல பேசு" என்று கெஞ்சினான். அவள் உடனே மாற்றிக்கொண்டாள். அந்தப் பெண்களுக்கும் தெலுங்கு தெரியும். கூடவே நகரியிலிருந்து வந்த காவடிக் கோஷ்டியும் சேர்ந்துகொண்டது.

நூற்றிருபதாவது படியில் ரவிக்கை விவகாரம் வந்தது.

"கடைத்தெருவுல தையக்கார்ரு. ஊருக்கெல்லாம் தைக்கிறாரு. எனக்கு ஒண்ணு தைச்சதில்ல!"

கஜபதி அன்றே கடையில் உட்கார்ந்து சிவப்பு ரவிக்கை ஒன்று தைத்தான். நூற்றுமுப்பதாவது படியில் அவள் அதைத் தோளைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினாள்.

"பழைய அளவு வச்சித் தைச்சிருக்காரு. புள்ள பெத்தவ ஒடம்பு அதே அளவாவா இருக்கும்? ஒருதபா கேக்கக் கூடாதா?"

"கேளுங்கண்ணா, வாயில்லையா?" என்றாள் சந்திரா.

அவன் அளவு நாடாவைக் கொண்டுவந்து அவள் சொல்லச் சொல்ல மறுபடி தைத்தான். எந்த இடத்தில் உடம்பு மாறியிருக்கிறது, எந்த இடத்தில் இன்னும் வலிக்கிறது என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. இடையில் இரண்டு நாள் அடிவயிறு இழுத்தது. அந்த இரண்டு நாளும் அவள் ஏறவில்லை, பேசவுமில்லை. வீடு அவனுக்கு என்னவோ போலிருந்தது.

ஜூலை பதினோராம் தேதி உச்சிவரை ஏற வேண்டிய நாள். முந்நூறைத் தாண்டியதும் கஜபதிக்கு மூச்சு வாங்கியது. அவளோ போன வருஷத்துத் தீபாவளியை ஒரு வார்த்தை தடுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு மாதத்துக்குமுன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவள். இவ்வளவு மூச்சு எங்கிருந்து வருகிறது? தன்மீதான குற்றச்சாட்டை மறந்து அவளையே பார்த்துக்கொண்டு ஏறினான்.

கடைசிப் படியில் பேச்சு நின்றது.

"இன்னாம்மே ஆச்சி? வலிக்குதா? பேசு!"

"தீந்துடுச்சி பாவா" என்றாள். முகத்தில் வெயில் பட்டுக்கொண்டிருந்தது. "எல்லாம் சொல்லிட்டேன்."

சந்திரா ஒரு சிறிய பூக்கூடையை அவள் கையில் கொடுத்தாள்.

தரிசனம் முடிந்து வந்த மணியம்மையைக் கஜபதி அங்கே கண்டான். தள்ளி நின்று கும்பிட்டான். "அம்மா, பேசிக்கினே ஏறணும்னு சொன்னீங்களே, அது பெரிய வைத்தியம்மா!"

மணியம்மை ரத்தினம்மாளைப் பார்த்தாள்.

"தெனம் பத்துப் படி, வலிச்சா நிக்கணும், இதான் நான் சொன்னது. பேச்சா? அது யாரு சொன்னது?"

மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கஜபதி குழந்தையோடு முதல் படியில் அவளுக்காகக் காத்து நின்றான். "ம், ஆரம்பி" என்றான்.