ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த டயர் விஷயமாக ரஹாங் மருமகனுக்கு

ஆற்றங்கரைத் தோட்டம்,
லுக்குட்.
14-9-1952

சிரம்பான் ஸ்டேஷனில் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் தவறாமல் காட்டி, ரஹாங்கில் கௌரவமாகக் குடியிருக்கும் என் தம்பி மகன், மருமகன் கணேசமூர்த்தி அவர்களுக்கு, அத்தை அங்கம்மா மாரியம்மனைக் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நானும் பேரன் நல்லசாமியும் இரண்டு ஆடுகளும் சுகம். அங்கே உங்கள் சுகத்தையும், வீட்டில் உள்ளவர்கள் சுகத்தையும், முக்கியமாக என் பேரனுக்கென்று பேசி வைத்திருக்கும் உங்கள் மகள் வள்ளிநாயகியின் சுகத்தையும் எழுதவும். உங்களை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் நான். இருந்தாலும் பெண் கொடுக்கப் போகிறவர் என்பதால் 'நீங்கள்' போட்டே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவளுக்கு மரியாதை தெரியாமல் போகுமா? இந்த லயத்து வீடுகளில், ஆபீசில் கணக்கெழுதும் கிராணியைக் கெஞ்சாமல் சொந்தக் கையால் கடிதம் எழுதுகிற பெண்பிள்ளை நான் ஒருத்திதான்.

தை பிறக்கட்டும், பரிசம் போடுவதை அப்புறம் பார்க்கலாம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். காரணம் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். நல்லசாமி காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டு ஆட்களுக்கு அரிசி ஏற்றிக்கொண்டு போனான், துரை கண்டுபிடித்துவிட்டார், போலீஸ் வந்து கொண்டுபோய்விட்டது என்று லுக்குட் பசார் முழுக்கப் பேச்சு. அது ரயிலேறி உங்கள் காதுக்கும் வந்திருக்கும். மருமகனே, அவன் இப்போது என் எதிரில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். நடந்ததெல்லாம் டயர் விஷயம். அதை முதலிலிருந்து சொல்கிறேன், அவசரப்படாமல் படியுங்கள்.

நல்லசாமி ஓட்டுவது தோட்டத்து ரப்பர் லோரி. அதில் மைல் காட்டும் முள் ஜப்பான்காரன் காலத்திலேயே செத்துப்போனது. முன்சக்கரத்துக்குப் புது டயர் போட்டால் ஒரு வருஷம் தாங்கும் என்பது எங்கள் மகாலிங்கம் கிராணியின் கணக்கு. இந்தத் தடவை நாலே மாதத்தில் இரண்டும் தேய்ந்து நூல் தெரிந்தது. கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷர்தான், ஆனால் பென்சிலைக் கையில் எடுத்துவிட்டால் கீழே வைக்க மாட்டார். ஒரு வருஷத்து டயர் நாலு மாதத்தில் தேய்ந்தால் லோரி மூன்று மடங்கு ஓடியிருக்கிறது, ஒரு மடங்கு தோட்டத்து வேலை, மீதி இரண்டு மடங்கு எங்கே போனது என்று எழுதித் துரையிடம் நீட்டிவிட்டார். காலம் இருக்கிற இருப்பில் கேட்க வேண்டுமா? கம்பி வேலி, வாசலில் சோதனை, வேலைக்காட்டுக்கு ஒரு பிடி சோறு கொண்டுபோகக்கூடத் தடை. இப்போது போய் 'லோரி எங்கே போனது' என்று ஒரு காகிதம் போலீசுக்குப் போனால் பிள்ளை எந்த முகாமில் எத்தனை வருஷம் இருப்பான் என்று யாருக்குத் தெரியும்? வெள்ளிக்கிழமைத் தபாலில் காகிதம் போகும் என்று சொல்லிவிட்டார்கள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை அவன்.

இதற்கு நடுவில் எனக்கு வேறொரு தொல்லை. இங்கே தேய்ந்த டயரை யாரும் எறிவதில்லை. லோரியிலிருந்து கழற்றியதும் எங்கள் லயத்து வீரமுத்து அதை எடுத்துப்போய்ச் செருப்பாக அறுத்துக் கொடுப்பார். டயர் எந்தத் திசையில் ஓடியதோ அந்தத் திசைக்கே கால்விரல் வருமாறு அறுப்பார், மாற்றி அறுத்தால் தரித்திரம் என்பார். இந்த இரண்டு டயரிலும் அறுத்த செருப்பைப் போட்ட நாளிலிருந்து எனக்கு உடம்பு இடது பக்கம் சாய்ந்தது. வாதம் என்று நினைத்து ஆஸ்பத்திரி டிரஸரிடம் எண்ணெய் வாங்கி ஒரு வாரம் முழங்காலைத் தேய்த்தேன். புதன்கிழமை காலை பெரட்டுக்குப் போய் நின்று பார்த்தால், பெயர் கூப்பிட வரிசையில் நிற்கிற சனத்தில் பாதிப்பேர் இடது பக்கம் சாய்ந்திருக்கிறார்கள், மீதிப்பேர் வலது பக்கம். மூன்று வருஷமாக முகம் பார்த்துப் பேசாத லெட்சுமியும் அவள் புருஷனும் தோளோடு தோள் உரசிக்கொண்டு வந்தார்கள். ராசியாகிவிட்டார்கள் என்று எங்களை வேலை வாங்கும் மண்டோர்கூட சந்தோஷப்பட்டார். ஒரு ராசியும் இல்லை. அவளுக்கு இடது சக்கரத்து டயர், அவனுக்கு வலது சக்கரத்து டயர், அவ்வளவுதான்.

எனக்கு அங்கேயே மண்டையில் வெளிச்சம் விழுந்தது. இரண்டு செருப்பையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நேரே ஆபீசுக்குப் போனேன். செருப்பும் கையுமாக ஒருத்தி படியேறி வந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. கிராணிக்குத் தோன்றியிருக்கிறது. எழுந்து காகித அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"அங்கம்மா, முதல்லை அதைக் கீழை வையுங்கோ. எதெண்டாலும் ஆறுதலாக் கதைப்பம்" என்றார்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து துரை வந்தார். "என்னா கெழவி, யாரை அடிக்கப் போறே?" என்று கேட்டார்.

"யாரையும் அடிக்க வரல தொரெ. ஒங்க லோரி நொண்டுது. அதைச் சொல்ல வந்தேன்."

செருப்பைக் கிராணியின் மேசைமேல் வைத்தேன். அவருடைய பென்சிலை எடுத்துச் செருப்பின் மேல் வைத்தேன். அது தடித்த பக்கத்திலிருந்து மெலிந்த பக்கத்துக்கு உருண்டு கீழே விழுந்தது. அடுத்த செருப்பிலும் அப்படியே.

"அம்மியில ஒரு ஓரமா அரைச்சா ஒரு ஓரந்தான் தேயும். ரொம்ப அரைச்சா முழு அம்மியும் தேயும். இந்த டயரு ரொம்ப ஓடித் தேஞ்சிருந்தா அகலம் பூராவும் ஒண்ணாத் தேஞ்சிருக்கணும் தொரெ. வெளி ஓரம் மட்டும் போயிருக்கு. சக்கரம் நேரா ஓடல, தரையில இழுபட்டுக்கிட்டே போயிருக்கு. எம் பேரன் எங்கயும் போகல."

துரை வெளியே போய் லோரிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து இரண்டு முன்சக்கரத்தையும் வெகுநேரம் பார்த்தார். இப்போதைக்கு மாட்டியிருந்த பழைய டயரின் மேல் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியே தடவினார், வெளியிலிருந்து உள்ளே தடவினார். ஒரு பக்கம் வழுவழு, ஒரு பக்கம் ரம்பம் மாதிரிப் பிடித்ததாம். சண்டைக்காலத்தில் அவரும் பட்டாளத்து லோரி ஓட்டியவராம். நாளைக் காலை லுக்குட் பட்டறைக்கு லோரியைக் கொண்டுபோகட்டும், குற்றம் சக்கரத்தில் என்றால் காகிதத்தைக் கிராணி கிழித்துவிடலாம், சக்கரம் சரியாக இருந்தால் வெள்ளிக்கிழமை காகிதம் போலீசுக்குப் போகும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மறுநாள் லோரியில் நல்லசாமி, நடுவில் நான், ஓரத்தில் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு கிராணி. வாசலில் சோதனை போட்ட கான்ஸ்டபிள் கிழவி எதற்கு என்றான். சாட்சி என்றேன். வழியெல்லாம் நல்லசாமிக்கு வேர்த்துக் கொட்டியது. நான் அவன் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே போனேன்.

பட்டறைக்காரர் ஆ செங் என்ற சீனர். முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றவிட்டு, டயரின் நடுவில் சாக்கட்டியால் கோடு போட்டார். பிறகு லோரியை இறக்கி, ஒரு நீளக் குச்சியை எடுத்து இரண்டு கோட்டுக்கும் இடையே முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று அளந்தார். நான் குச்சியின் ஒரு முனையைப் பிடித்தேன். கிராணி எழுதினார். மருமகனே, பின்னால் இருந்ததைவிட முன்னால் ஒண்ணேகால் அங்குலம் குறைவு. இரண்டு சக்கரமும் வெட்கப்படுகிற புதுப்பெண்ணின் கால்விரல் மாதிரி உள்பக்கம் திரும்பி நின்றிருக்கின்றன. லோரி நேரே போகப் பார்க்கிறது, சக்கரங்கள் உள்ளே போகப் பார்க்கின்றன, நடுவில் டயர்தான் பலி. இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற தண்டு அரிவாள் மாதிரி வளைந்திருந்தது. அதைக் கழற்றி, காய்ச்சி, நிமிர்த்தி, மறுபடி முறுக்கி மாட்டினார். திரும்ப அளந்தபோது முன்னால் ஒரு நகக்கனம் மட்டும் குறைந்தது. அது எதற்கு, அதையும் சரியாக்கு என்று நான் விடவில்லை. அவர் எனக்காக மெதுவாக மலாயில் சொன்னார், ஓடும்போது சக்கரம் கொஞ்சம் விரியும், அதற்காக விட்டு வைப்பது முறை என்று. சரி என்று அனுமதித்தேன்.

கிராணி காகிதத்தை நாலாகக் கிழித்தார். பிறகு எதிர்க் கோப்பிக்கடையில் எனக்குக் கோப்பியும் ரொட்டியும் வாங்கிக் கொடுத்து, "நீங்கள் படிச்சிருந்தால் என்ரை வேலை போயிருக்கும்" என்றார். ஐந்தாம் வகுப்பு என்று சொன்னேன்.

இது நடந்து ஏழு வாரம். புது டயர் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் வெளி ஓரம், நடு, உள் ஓரம் என்று மூன்று இடத்திலும் நகத்தை விட்டுப் பார்க்கிறேன், பள்ளம் ஒரே அளவு. முன்பு இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்த ஸ்டியரிங்கை இப்போது ஒரு விரலில் பிடிக்கலாமாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்க்கத் துரை உத்தரவு போட்டிருக்கிறார். மண்டோரின் சைக்கிள், தண்ணீர் வண்டி எல்லாவற்றையும் நான் குந்தி உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். உங்கள் ரயிலுக்கு இதெல்லாம் யாராவது பார்க்கிறார்களா?

ஆகையால் மருமகனே, எங்கள் லோரி தோட்டத்தை விட்டால் லுக்குட், லுக்குட்டை விட்டால் போர்ட்டிக்சன் கிடங்கு, அங்கிருந்து நேரே வீடு. சி ரூசா பக்கம் கடல்காற்று வாங்கக்கூட ஒரு முழம் திரும்பியதில்லை. கிராணி முன்னாலேயே கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணியிருக்கிறேன். என் பேரனைப்போல நேரான பிள்ளை இந்த நெகிரி செம்பிலானில் கிடையாது. ஐப்பசி முதல் முகூர்த்தத்தில் பரிசத்தை வைத்துக்கொள்ளலாம் என்று எழுதுங்கள். வாசல் நிறையவும் வயிறு நிறையவும் மாரியம்மன் உங்களுக்குக் கொடுப்பாள். பிள்ளைகளுக்கு என் முத்தம், பெரியவர்களுக்கு என் கும்பிடு.

இப்படிக்கு,
அத்தை அங்கம்மா

பின்குறிப்பு: எழுதியதை நல்லசாமிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். சூடம் அணைத்த இடம் வந்ததும் அவனுக்குச் சோறு புரையேறிவிட்டது. தலையைத் தட்டி, தண்ணீர் கொடுத்து, என்னவென்று கேட்டால் சொல்கிறான், மாசி மாதத்திலிருந்து செவ்வாயும் வெள்ளியும் கிடங்கில் ரப்பரை இறக்கிவிட்டு வெறும் லோரியை ரஹாங்குக்கு ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். போக வர நாற்பது மைல். உங்கள் தெருக்குழாயில் லோரிக்குத் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் வள்ளிநாயகியோடு பேசியிருக்கிறான். ஒருநாள் உங்கள் சைக்கிள் மணி கேட்டு லோரியை அவசரமாகத் திருப்பி உங்கள் சந்து முனைக் கல்லில் முன்சக்கரத்தை மோதியிருக்கிறான். தண்டு வளைந்தது அப்போதுதானாம். கிராணிக்கு இது தெரிய வேண்டாம், மனுஷர் மறுபடி பென்சிலை எடுத்துவிடுவார். சூடத்துக்கு நான் அம்மனிடம் பேசிக்கொள்கிறேன். மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய கடிதத்தைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை, அப்படியே அனுப்புகிறேன். பரிசம் எல்லாம் வேண்டாம், ஐப்பசியில் கல்யாணத்தையே முடித்துப் பெண்ணை இங்கே அனுப்பிவிடுங்கள், தோட்டத்து டயராவது பிழைக்கும். அது சரி மூர்த்தி, செவ்வாய் வெள்ளியானால் உன் மகள் எட்டுக் குடம் தண்ணீர் தூக்கியிருக்கிறாளாமே, வீட்டில் இவ்வளவு தண்ணீர் எதற்கு என்று நீ ஒருநாளும் கேட்கவில்லையா?