இருநூறு நாற்காலிகளுக்கு நடுவே

கைதட்டல் கேட்டதும் அவள் எழுந்துகொண்டாள். உட்கார்ந்து முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதுவும் சோபாவின் கைப்பிடியில், பாதி உடம்பு வெளியே தொங்க.

"விற்கிற சரக்குல உட்காரக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றார் மேனேஜர். யார் உட்கார்ந்தாலும் கைதட்டி எழுப்புகிறவர். கடையில் அவருக்குக் 'கைதட்டி' என்றே பெயர்.

அந்தக் கடையில் இருநூறு நாற்காலிகள் இருந்தன. சாய்வது, சுழல்வது, ஆடுவது, காலை நீட்டிப் படுத்துக்கொள்ளத் தோதாக மூன்றாக விரிவது. "உட்கார்ந்து பாருங்க, எழுந்திருக்கவே மனசு வராது" என்று வருகிறவர்களிடமெல்லாம் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை நின்றுகொண்டே சொல்வதுதான் அவள் வேலை. வயிற்றில் பிள்ளைக்கு இப்போது ஆறாவது மாதம். வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினால் வார் இருந்த இடம் வாய்க்கால் போலத் தெரிந்தது.

முந்தின நாள் டாக்டரம்மா அந்தக் காலை அழுத்திப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டிருந்தார். தொடர்ந்து நிற்கக் கூடாது, மணிக்கொரு தரம் பத்து நிமிடமாவது காலை உயர்த்தி வைத்து உட்கார வேண்டும், தண்ணீரைக் குறைக்கக் கூடாது. எங்கே வேலை என்று கேட்டார். நாற்காலிக் கடையில் என்றாள். "அப்புறம் என்னம்மா கஷ்டம்?" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

டாக்டர் எழுதித் தந்த சீட்டை அவள் கைதட்டியிடம் நீட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார். சரக்கில்தான் உட்காரக் கூடாது, மற்றதில் உட்காரத் தடையே இல்லை என்று பெரிய மனது பண்ணி, கிடங்கில் கிடந்த அட்டைப் பெட்டி ஒன்றைக் காட்டினார். அவள் உட்கார்ந்தாள். பெட்டி ஒரு பெருமூச்சு விட்டுத் தரையோடு தரையாக அமுங்கியது. உள்ளே ஒரு மேஜை விளக்கு இருந்திருக்கிறது. அவளுக்குச் சிராய்ப்புகூட இல்லை. ஆனால் ஓடி வந்த கைதட்டி முதலில் குசலம் விசாரித்தது விளக்கைத்தான்.

அன்று வீட்டில் பாத்திரங்கள் எல்லாம் ஓசையோடு கீழே வைக்கப்பட்டன. வேன் ஓட்டுகிற கணவன் நிலைமையைப் புரிந்துகொண்டு, மறுநாளே ஒரு மடக்கு ஸ்டூல் வாங்கி வந்தான். நம் சொந்த ஸ்டூல், இதில் உட்காரக் கூடாதென்று எவன் சொல்வான் என்று நெஞ்சை நிமிர்த்தினான்.

ஸ்டூல் இரண்டு மணி நேரம் உழைத்தது. அவள் தண்ணீர் நிரப்பப் போய்த் திரும்பியபோது, அது ஒரு வாடிக்கையாளரின் அக்குளில் இடுக்கப்பட்டு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"வித்துட்டீங்களா?"

"கடைக்குள்ள இருந்துச்சு. கேட்டாங்க. குடுத்தேன்" என்றார் கைதட்டி. அவர் முகத்தில் விற்ற சந்தோஷம் வேறு.

நின்றுகொண்டே அவள் போட்ட சத்தத்தில் மெத்தைப் பிரிவு அக்கா வரைக்கும் ஓடி வந்துவிட்டாள். சத்தம் போட்டவளைச் சமாதானப்படுத்தக் கைதட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். உனக்கு உட்காரத்தானே வேண்டும், இனிமேல் ஆடும் நாற்காலியை உட்கார்ந்து காட்டுவது உன் பொறுப்பு என்றார்.

வாடிக்கையாளர் வந்தால் உட்கார்ந்து ஆடிக் காட்ட வேண்டும். அவர் உட்கார எழுந்துகொள்ள வேண்டும். அவருடைய மனைவி பார்ப்பதற்காக மறுபடி உட்கார வேண்டும். அந்த அம்மாள் உட்கார மறுபடி எழ வேண்டும். மத்தியானத்துக்குள் முப்பத்தெட்டு தடவை. இதற்கு நிற்பதே தேவலை என்று அவள் இடுப்பு சொன்னது. கழிப்பறை மூன்றாவது மாடியில். லிஃப்ட் சரக்குக்கு மட்டும். அதனால் தண்ணீரையும் பாதியாகக் குறைத்துவிட்டாள். அடுத்த முறை காலைப் பார்த்த டாக்டரம்மா, சொன்னால் கேட்கிற பெண் இல்லை நீ என்று கோபித்துக்கொண்டார். வெளியே வரும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. யாரையாவது கடித்துவைக்கலாம் போல இருந்தது.

அந்த வாரம் கடை கைமாறியது. புது முதலாளியை ஒருவரும் பார்த்ததில்லை. திங்கட்கிழமை காலை வருகிறார் என்று மட்டும் தகவல். கைதட்டி எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்தார். அவளிடம் வந்து குரலைத் தாழ்த்தி, உயரமான அந்த அலமாரிக்குப் பின்னால் நின்றுகொள், வயிறு தெரிய வேண்டாம் என்றார்.

அவள் காது இரண்டும் சூடாயின. வயிற்றுக்குள்ளிருந்தும் ஓர் உதை விழுந்தது. அதற்கும் ரோஷம் போலிருக்கிறது.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தோல்பை. விலைச்சீட்டு எதையும் பார்க்கவில்லை. குனிந்து சோபாக்களின் அடியைப் பார்த்தார். டார்ச் அடித்து மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். இப்படி அடி வரைக்கும் பார்க்கிறவர் லேசுப்பட்ட முதலாளி இல்லை என்று நடுங்கிய கைதட்டி, கைகட்டிப் பின்னாலேயே போனார். அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்தவர் அவளைப் பார்த்து நின்றார்.

"எத்தனை நாளாம்மா இந்தத் தொல்லை?"

அவ்வளவுதான். மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்த அணை உடைந்தது. பெட்டி, ஸ்டூல், முப்பத்தெட்டு தடவை, மூன்றாவது மாடி, ஒன்று விடாமல் கொட்டினாள். "இருநூறு நாற்காலி இருக்கு சார் இங்க. ஒண்ணுல உட்கார எனக்கு நாதியில்லை. எனக்கு மட்டும் இல்லை, அந்த அக்காவுக்கு மூட்டுவலி. நாங்க என்ன கம்பமா, நட்டு வச்சா நிக்கிறதுக்கு? உங்க கடையில வேலை பார்த்து என் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களைச் சும்மா விட மாட்டேன்."

கைதட்டி கண்ணை மூடிக்கொண்டார். வந்தவர் கைதட்டி பக்கம் திரும்பினார்.

"முதல்ல எல்லாரையும் உட்கார வைங்க. ஒருத்தர்கூட நிக்கக் கூடாது. கால் தரையில படாம இருந்தா இன்னும் நல்லது."

கைதட்டி ஓடினார். விரியும் நாற்காலியை அவரே இழுத்து வந்து, அவரே தூசி தட்டி, அவளுக்கு விரித்துப் போட்டார். அக்காவுக்குச் சாய்வு நாற்காலி. பத்தே நிமிடத்தில் கடை முழுக்க உட்கார்ந்திருந்தது. கைதட்டியும் ஒரு குட்டி நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவள் பாதங்களை நீட்டினாள். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். முழுச் செம்பையும் குடித்தாள். கண் கலங்கியது.

"ரொம்ப நன்றி சார். இன்னைக்கு ஒரு நாளோட நிறுத்திடாதீங்க" என்றாள்.

அவர் தோல்பையைத் திறந்து, பசை தடவிய அட்டைகளை ஒவ்வொன்றாகச் சோபாக்களுக்கு அடியில் தள்ளியபடியே சொன்னார்:

"ஒரு நாள்ல எப்படிம்மா முடியும், ஆள் நடமாட்டம் இருந்தா எலி வெளியவே வராது, கடைசி எலியைப் பிடிக்கிற வரைக்கும் எல்லாரும் இப்படியேதான் உட்கார்ந்திருக்கணும்."