ஆமென் சொல்வதற்குள் உருகிய ஐஸ்

கர்த்தருக்குள் அன்பான மச்சான் சாமுக்கு, மதுராந்தகத்திலிருந்து தேவசகாயம் ஸ்தோத்திரத்தோடு எழுதுவது. நாவலூரில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் அக்கா மேரி சுகம். நான் சுகமில்லை. போனில் சொன்னால் அவள் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

நம் ஜெபா பிரசவத்துக்கு வருகிறாள் அல்லவா, பிள்ளை பெற்ற மகளுக்கு நாட்டுக்கோழி ரசம்தான், கடைக்கோழி வாசற்படி ஏறக்கூடாது என்று உங்கள் அக்கா அடைவைத்துப் பொரித்த குஞ்சுகள் ஒரு கூடை இருக்கின்றன. எதிர்வீட்டு சதாசிவத்தின் கோழிகள் வெள்ளைக் கழிச்சலில் கழுத்தைத் திருகிக்கொண்டு செத்ததும் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே கம்பவுண்டர் கலையரசன் ஒரு சின்னப் புட்டியில் தடுப்பு மருந்தைக் கொடுத்து, "கண்ணுல ஒரு சொட்டு வுடு பெரியவரே. கலக்கினதும் ஐஸ்லயே வெச்சுக்கினு சீக்கிரம் முடிச்சிடு. சூடேறினா மருந்து செத்துடும், அப்புறம் அது வெறும் தண்ணிதான்" என்றார்.

மருந்தைக் கலக்கி, ஐஸ் போட்ட சொம்பில் வைத்து, முதல் குஞ்சைப் பிடித்தும் விட்டேன். "ஜெபம் பண்ணாம நம்ம வூட்ல யாருக்காச்சும் மருந்து குடுத்திருக்கோமா?" என்றாள் உங்கள் அக்கா. கேட்டதோடு விட்டாளா, வழியோடு போன பாஸ்டரையும் கூப்பிட்டுவிட்டாள். சுருக்கமாக ஒரு ஜெபம் என்றவர் நோவாவின் பேழையில் ஏறின பறவைகளில் தொடங்கி, எலியாவுக்கு அப்பம் கொண்டுவந்த காகம், சேவல் கூவினதும் அழுத பேதுரு, நடுவில் கோயில் கூரை ஒழுகுவது என்று போய்க்கொண்டே இருக்கிறார், வெயிலோ மண்டையைப் பிளக்கிறது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன் மச்சான். சொம்பில் ஐஸ் இல்லை, தண்ணீர்தான், அதுவும் வெந்நீர். நிறுத்துங்கள் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் நான் கண்ணைத் திறந்தது தெரிந்துவிடுமே! ஆமென் சொல்லிவிட்டு, செத்த மருந்தை ஒவ்வொரு குஞ்சின் கண்ணிலும் விட்டேன். என் கண்ணிலும் தண்ணீர் வந்தது. ஆவியானவர் என்னைத் தொட்டுவிட்டார் என்றார் பாஸ்டர்.

மருந்து போட்டாச்சு என்ற தைரியத்தில் உங்கள் அக்கா குஞ்சுகளைத் தெருவெல்லாம் மேயவிடுகிறாள். ஒன்று தும்மினால் எனக்கு உயிர் போகிறது. விடியுமுன் எழுந்து கூண்டைக் கழுவுகிறேன், சுண்ணாம்பு தெளிக்கிறேன், எச்சத்தைக் குனிந்து குனிந்து பார்க்கிறேன். குஞ்சுகள் போய்விட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? கலையரசனிடம் மறுபடி போகவும் வழியில்லை, அவர் மனைவியும் உங்கள் அக்காவும் ஒரே பாட்டுக்குழு. தாய்மாமன் என்ற முறையில் நீங்களே ஒரு புட்டி மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து, சும்மா பார்க்க வந்தவர் மாதிரி வாருங்கள். பாஸ்டர் செங்கல்பட்டுக்குக் கூட்டத்துக்குப் போகும் நாளாகப் பார்த்து வாருங்கள்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். கர்த்தர் உங்களையும் எங்கள் குஞ்சுகளையும் காப்பாராக.

இப்படிக்கு,
கண்ணைத் திறந்த பாவி,
தேவசகாயம்

பி.கு.: தம்பி சாமு, இது அக்கா எழுதறேன். இட்லிப் பானை ஆவில காட்டினா கவரு தானா தொறந்துக்குது. ஐஸ் கரைஞ்சது எனக்கும் தெரியும், நானும் ஒரு கண்ண தொறந்துதான் வெச்சிருந்தேன். மறுநாளே இவரு கடைத்தெருவுக்குப் போன நேரத்துல கலையரசன் வந்து வேற மருந்து போட்டுட்டாரு. குஞ்செல்லாம் ஜோரா கீது. இவருகிட்ட மட்டும் சொல்லிடாத. கல்யாணம் ஆன நாள்லேருந்து தொடப்பத்தத் தொடாத மனுசன், இப்ப தினம் கூண்டு கழுவறாரு. ஜெபாவுக்குக் கொழந்த பொறக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். நீ அவசியம் வா. ஐஸ் பெட்டியும் எடுத்துனு வா, முட்டுக்காட்டுல நல்ல எறாலா பார்த்து வாங்கி ரொப்பிக்கோ.