இட்லிச் சட்டியின் புண்ணியம்

மும்பைத் தாராவிக்குப் பாவ புண்ணியம் அளக்கும் கருவி வந்துவிட்டது. எமலோகத்துக் கணக்குப்பிள்ளைக்கு இனி வேலையில்லை.

கருவியின் சொந்தக்காரர் பிரம்மநாயகச் சித்தர். இமயமலைப் பனியில் நின்று தவம் செய்து வாங்கிவந்தாராம். உள்ளங்கை அகல டப்பா, அதன் தலையில் ஒரு சக்கரம். பக்தர் கையில் வைத்து, மந்திரம் முணுமுணுத்து, சக்கரத்தை ஒரு சுண்டு சுண்டுவார். நல்லவர் கையென்றால் நிற்காமல் சுழலும். எடையில் கைவைக்கும் மளிகைக்கடை முத்துசெல்வத்தின் உள்ளங்கையில் அது பிய்த்துக்கொண்டு சுழன்றது. மகான்!

இட்லிக்காரி சங்கரேஸ்வரியும் வரிசையில் நின்றாள். கிரைண்டரில் ஐஸ் தண்ணீர் விட்டு ஆட்டிய மாவை வழித்த கையோடு வந்திருந்தாள். சித்தர் சுண்டிய சக்கரம் உடனே நின்றுவிட்டது.

"பாவி கை" என்றார் சித்தர்.

மறுநாள் அவள் இட்லி அப்படியே கிடந்தது. "மைனி, ஒங்க இட்லி பூ மாதிரிதான். ஆனா கை..." என்று இழுத்தாள் பக்கத்து வீட்டுத் தங்கமயில். இன்னும் கொஞ்ச நாள் இப்படிப் போனால் கடையை மூட வேண்டியதுதான்.

வழக்கம்போல் வந்தவர் ஒருவர்தான். மாட்டுங்கா வேங்கடசுப்ரமணியன், செம்பூரில் என்ஜின் ஆராய்ச்சி செய்கிறவர். கதையைக் கேட்டதும் அவருக்குப் புரையேறியது.

"அது ஸ்டர்லிங் என்ஜின்மா! அடியில சூடு, மேல குளிர்ச்சி இருந்தா உள்ளே காத்து விரிஞ்சு சுருங்கி சக்கரத்தைத் தள்ளும். அதுக்குக் கைச்சூடே போறும். ஆன்லைன்ல விக்கற பொம்மை! ஆலையில வீணாப்போற சூட்டுல இதையே பெரிசா ஓட்டணும்னு வருஷக்கணக்கா மல்லாடறேன். ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கலே. இவனுக்கு வரிசை!"

"அப்பம் எங் கை பாவம் பண்ணலையா சார்?"

"ஜில்லுனு இருந்தது. அவ்வளவுதான்."

சங்கரேஸ்வரி கொதிக்கிற இட்லிச் சட்டியோடும் ஒரு வாளியோடும் சித்தர்முன் போய் நின்றாள்.

"பாவம் தீர நைவேத்தியம் சாமி. முதல்ல கையலம்புங்க."

வாளியில் ஐஸ் தண்ணீர். விரலை விட்ட சித்தர் வெடுக்கென்று இழுத்தார்.

"இமயமலையில நின்னவுகளுக்கு இது எம்மாத்திரம்? நல்லா முக்கி வைங்க சாமி!"

கூட்டம் கும்பிட்டு நின்றது. சித்தர் பல்லைக் கடித்துக்கொண்டு முக்கினார். நன்றாக விறைத்த பிறகு, துடைத்த கையில் அவள் டப்பாவை வைத்துச் சுண்டினாள். சக்கரம் நின்றுவிட்டது. மறுபடி சுண்டினாள். மறுபடி நின்றது.

"சாமியுமா பாவி?" என்றான் முத்துசெல்வம்.

அவள் டப்பாவைப் பிடுங்கிச் சட்டி மூடிமேல் வைத்துச் சுண்டினாள். விர்ரென்று சுழன்றது. சித்தருக்குக் காட்கோபரில் அவசர பூஜை நினைவுக்கு வந்து, செருப்பில்லாமலே ஓடினார்.

கூட்டம் சட்டியை உற்றுப் பார்த்தது. தங்கமயில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மைனி, சட்டிக்கு எப்பம் பூஜை?"

"சட்டிக்குள்ள இட்லி இருக்குட்டி" என்றாள் சங்கரேஸ்வரி. "ஒங்க மண்டைக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவ தொறந்து பாருங்க."